துணியும் கணக்கும்
நரம்புச் சிலந்தி நோய் ஒடுங்கிய வரலாறு

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. நெல்லையும் நூலையும் அளந்து கணக்கெழுதுவது நமக்குப் பழக்கம். நோயையும் அவ்வாறே அளந்து கணக்கெழுத வேண்டும் என்று சொன்னால், அது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். நோய் வந்தால் மருந்து, மருந்து இல்லையேல் விதி என்றே மக்கள் நெடுங்காலம் எண்ணி வந்தார்கள். ஆனால் மருந்தும் தடுப்பூசியும் இல்லாத ஒரு கொடிய நோயை, கணக்குப் புத்தகத்தையும் ஒரு முழத் துணியையும் கருவியாகக் கொண்டு ஏறக்குறைய ஒழித்தே விட்டார்கள் என்பது நம் காலத்து உண்மை.

1986-ஆம் ஆண்டில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் 21 நாடுகளில் சுமார் 35 லட்சம் பேர் அந்நோயால் வருந்தினர் என்பது மதிப்பீடு. 2024-ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் 15 பேருக்கே அது கண்டது. நம் நாட்டில் நரம்புச் சிலந்தி என்றும், மேல்நாட்டாரால் கினியாப் புழு என்றும் அழைக்கப்படும் நோய் அது.

இவ்வரலாறு நெசவாளரும் உழவரும் அறிய வேண்டிய ஒன்று. நோயைத் தடுத்த கருவி தறியில் பிறந்தது. நோயால் அதிகம் நஷ்டப்பட்டவன் உழவன். வேலை நடந்த முறையோ, பலர் கூடித் தத்தம் பங்கைச் செய்து, செய்ததைக் கணக்கில் காட்டும் முறை.

நோயின் இயல்பு

குளம், குட்டை, படிக்கிணறு போன்ற தேங்கிய நீர்நிலைகளில் சைக்ளாப்ஸ் என்னும் மிகச் சிறிய நீர்ப்பூச்சி வாழ்கிறது. தெளிந்த நீரை வெளிச்சத்தில் பிடித்துக் கூர்ந்து நோக்கினால், துள்ளித் திரியும் வெண்புள்ளியாக அது கண்ணுக்குப் புலப்படும். நரம்புச் சிலந்திப் புழுவின் குஞ்சு இப்பூச்சியின் உடலில்தான் தங்கி வளருகிறது. அந்நீரை வடிகட்டாமல் குடித்தால், பூச்சி வயிற்றில் செரித்துப் போகும்; புழுக்குஞ்சு மட்டும் குடலைத் துளைத்துக் கொண்டு உடலுள் புகும்.

அதன் பிறகு சுமார் ஓராண்டு வரையில் நோயாளிக்கு யாதொரு குறியும் தோன்றாது. ஓராண்டு கழிந்ததும், இரண்டடி மூன்றடி நீளம் வளர்ந்து விட்ட பெண் புழு, பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, கொப்புளம் ஒன்றை எழுப்பி அதன் வழியே தலை நீட்டும். நெருப்புச் சுட்டது போன்ற அந்த எரிச்சலைத் தணிக்க நோயாளி குளத்தில் காலை நனைப்பான். நீர் பட்ட அக்கணமே புழு லட்சக்கணக்கான குஞ்சுகளை நீரில் உமிழும். அவற்றைச் சைக்ளாப்ஸ் உண்ணும்; அந்நீரை ஊரார் குடிப்பர். இவ்வாறு நோய் ஆண்டுதோறும் ஒரே ஊரைச் சுற்றிச் சுற்றி வரும்.

வெளியே வந்த புழுவை ஒரு சிறு குச்சியில் சுற்றி, நாள்தோறும் சிறிது சிறிதாக இழுத்தெடுப்பது ஒன்றே பண்டு தொட்டு வந்த சிகிச்சை. இன்றும் அதுவே சிகிச்சை. இதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். அவசரப்பட்டு இழுத்தால் புழு அறுந்து, புண் சீழ் பிடித்து, மூட்டு மடங்கிப் போவதும் உண்டு. ஒருமுறை வந்தவருக்கு மறு ஆண்டும் வரலாம். உடலில் எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை.

1870-ஆம் ஆண்டில் ஃபெட்சென்கோ என்ற ரஷ்ய விஞ்ஞானி, இப்புழுவின் குஞ்சு சைக்ளாப்ஸில் வளருவதைக் கண்டறிந்தார். அதனால் நோயைத் தடுக்க இரண்டு வாயில்கள் உண்டு என்பது விளங்கிற்று. குடிக்கும் நீரில் பூச்சி இல்லாதபடி செய்வது ஒன்று. புழு வெளிவந்த காலைக் குடிநீர் நிலையில் வைக்காதபடி காப்பது மற்றொன்று. மத்திய ஆசியாவில் புகாரா நகரத்துக் குளங்களைச் சீர்திருத்தி, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோவியத் அரசு அங்கே இந்நோயை ஒழித்துக் காட்டியது. செய்ய இயலும் என்பது அன்றே தெரிந்து விட்டது. எனினும் மற்ற நாடுகளில் இன்னும் ஐம்பது ஆண்டுகள் வாளா கழிந்தன.

வெறுங் குதிர் நோய்

அத்தாமதத்துக்குக் காரணம் என்ன? இந்நோய் ஆளைக் கொல்வது அரிது. படுக்கையில் கிடத்துவதோடு விட்டு விடும். அதனால் மரணக் கணக்கில் இது ஏறவில்லை. புழு தொங்கும் காலோடு பத்து மைல் நடந்து ஆஸ்பத்திரிக்கு வர நோயாளியால் முடியாது. வந்தாலும் அங்கே கொடுக்க மருந்து இல்லை. ஆகவே ஆஸ்பத்திரிக் கணக்கிலும் ஏறவில்லை. கணக்கில் ஏறாத துன்பம் சர்க்காரின் காதில் விழுவதில்லை.

உழவர்களோ இதன் கொடுமையை நன்கு அறிந்திருந்தனர். மாலி நாட்டில் வாழும் தோகோன் மக்கள் இதற்கு "வெறுங் குதிர் நோய்" என்று பொருள்படும் பெயரை இட்டிருந்தார்கள். குடித்த நாளிலிருந்து ஓராண்டு கழித்துப் புழு வெளிவருவதால், ஆண்டுதோறும் அதே பருவத்தில் நோய் திரும்புகிறது. பல ஊர்களில் அப்பருவம் விதைப்புக் காலமாகவோ அறுவடைக் காலமாகவோ அமைந்து விட்டது. ஒரு வீட்டில் தந்தை, தாய், மூத்த மகன் மூவரும் ஒரே மாதத்தில் படுத்து விட்டால் அவ்வாண்டு அவ்வீட்டுக் குதிர் நிரம்புவது எங்ஙனம்? படுத்தவருக்குப் பதிலாகப் பிள்ளைகள் வயலுக்குப் போக, பள்ளிக்கூடமும் வெறுமையாகும்.

இந்த நஷ்டத்தை முதன்முதலில் காசுக் கணக்கில் எடுத்துக் காட்டியவற்றுள் 1987-ஆம் ஆண்டில் நைஜீரியாவில் யூனிசெப் ஸ்தாபனம் நடத்திய ஆராய்ச்சி முக்கியமானது. தென்கிழக்கு நைஜீரியாவில் 16 லட்சம் மக்கள் வாழும் நெல் விளையும் பகுதி ஒன்றில், இந்நோய் ஒன்றினாலேயே ஆண்டுக்கு 2 கோடி டாலர் பெறுமான நெல் இழப்பாகிறது என்று அது மதிப்பிட்டது. புண்ணைக் கண்டு இரங்காத நிதி மந்திரிகளும் இத்தொகையைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். புள்ளி விவரம் செய்த முதல் வேலை இதுவே எனலாம்.

தேடிப் பெற்ற கணக்கு

கணக்கு இரண்டு வகைப்படும். வருவதை எழுதிக் கொள்ளும் கணக்கு ஒன்று. வீடு வீடாகச் சென்று தேடி எழுதும் கணக்கு மற்றொன்று. மருத்துவ நிலையத்தில் உட்கார்ந்து கொண்டு, வந்த நோயாளிகளை மட்டும் பதிந்த வரையில், ஆப்பிரிக்க நாடுகளின் அறிக்கைகளில் இந்நோய் மிகச் சிறியதாகவே தோன்றியது. பிறகு ஊர் ஊராக ஆட்களை அனுப்பித் தேடினார்கள். நைஜீரியாவில் 1988-ஆம் ஆண்டில் முடிந்த முதல் தேடலில் 6,50,000-க்கு மேற்பட்ட நோயாளிகள் கண்டறியப்பட்டனர். கானா நாட்டில் 1989-ஆம் ஆண்டில் நடந்த தேடலில் ஏறக்குறைய 1,80,000 பேர். மாறாக, பாகிஸ்தானில் 1987-ஆம் ஆண்டில் தேடியபோது நோயாளிகள் சுமார் 2,400 பேரே என்று தெரிந்தது.

இக்கணக்குகள் உதித்த பின்னரே, எந்த ஊருக்கு எத்தனை கிணறு, எத்தனை வடிகட்டித் துணி, எத்தனை தொண்டர் என்று திட்டம் வகுக்க முடிந்தது. பாகிஸ்தானில் நோயாளி ஒவ்வொருவரையும் தனித்தனியே கவனித்துக் காப்பது சாத்தியம் என்பது விளங்கிற்று. அந்நாடு 1993-ஆம் ஆண்டோடு நோயினின்றும் விடுபட்டது. நைஜீரியாவில் ஆயிரக்கணக்கான கிராமங்களில் வேலை தொடங்க வேண்டும் என்பது தெரிந்தது. அங்கே கடைசி நோயாளி காணப்பட்டது 2008-ஆம் ஆண்டில்தான். இரண்டு நாடுகளும் ஒரே இலக்கை அடைந்தன. ஆயின் போகும் வழியைக் காட்டியது அந்தந்த நாட்டுக் கணக்கே.

நம் நாட்டின் அனுபவம்

இவ்வகையில் நம் நாடு யாருக்கும் பின்வாங்கவில்லை. 1983-84-இல் டில்லியிலுள்ள தேசியத் தொற்றுநோய் நிலையத்தின் பொறுப்பில் நரம்புச் சிலந்தி ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ஆந்திரப் பிரதேசம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய 7 மாநிலங்களில், 89 ஜில்லாக்களைச் சேர்ந்த 12,000-க்கு மேற்பட்ட கிராமங்களில், சுமார் 40,000 நோயாளிகள் இருப்பதாகத் தொடக்கத்தில் கணக்கிடப்பட்டது. சுகாதார ஊழியர்கள் ஆண்டில் பலமுறை வீடு வீடாகச் சென்று தேடினர். அவர்கள் தந்த ஊர்ப் பட்டியலை வைத்துக் கொண்டு, மக்கள் இறங்கிக் காலை நனைத்து நீர் முகக்கும் படிக்கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பி, அவற்றை நீர் சேந்தும் கிணறுகளாக மாற்றினார்கள். அடிபம்புகளும் இறக்கப்பட்டன.

ஒரு செய்தியை இங்கே கவனிக்க வேண்டும். கிணறு வெட்டுவது ஒரு இலாகாவின் வேலை. நோயாளியைத் தேடுவது வேறொரு இலாகாவின் வேலை. இருவரும் தனித்தனியே வேலை செய்தால், நோயில்லாத ஊரில் அடிபம்பும், நோயுள்ள ஊரில் படிக்கிணறும் நிலைத்திருக்கும். ஒரே ஊர்ப் பட்டியலை இருவரும் கையில் வைத்துக் கொண்டதுதான் இத்திட்டத்தின் பலம். ராஜஸ்தானத்தின் தென்பகுதியில் யூனிசெப் துணையோடு நடந்த திட்டம் ஒன்றில், அடிபம்புகளைப் பழுது பார்க்கும் வேலைக்குக் கிராமப் பெண்களையே பழக்கினார்கள். பம்பு நின்று போனால் மக்கள் மறுபடியும் படிக்கிணற்றுக்கே போவார்கள் அல்லவா?

நம் நாட்டின் கடைசி நோயாளி 1996-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ராஜஸ்தானத்து ஜோத்பூர் ஜில்லாவில் காணப்பட்டார். அதன் பின்னும் தேடலை நிறுத்தவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு மேல் தேடியும் ஒருவரும் அகப்படாத பிறகே, 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியாவை நோயற்ற நாடு என்று சான்றளித்தது.

கூட்டாளிகளும் அவர்கள் பங்கும்

உலகளாவிய முயற்சியின் அமைப்பை இனிப் பார்ப்போம். 1980-ஆம் ஆண்டில் அமெரிக்க நோய்த் தடுப்பு நிலையம் இந்நோயை ஒழிக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தது. 1986-ஆம் ஆண்டில் உலக சுகாதார மகாசபை அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டில், அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரும் அவர் மனைவியார் ரோசலினும் 1982-இல் நிறுவிய கார்ட்டர் நிலையம் என்னும் லாப நோக்கமற்ற தொண்டு ஸ்தாபனம், இவ்வேலையில் முன்னின்று பொறுப்பேற்றது. பெரியம்மை ஒழிப்பில் பழகிய டாக்டர் டொனால்டு ஹாப்கின்ஸ் இதற்கு வழிகாட்டியாக அமைந்தார்.

தொண்டு ஸ்தாபனம் ஒன்று அயல்நாட்டில் போய் ஆஸ்பத்திரி கட்டித் தானே நடத்துவது ஒரு முறை. இங்கே கையாண்டது அம்முறை அன்று. அந்தந்த நாட்டுச் சுகாதார மந்திரிசபையே திட்டத்தின் எஜமானன். அதன் ஊழியர்களே வேலை செய்தனர். கார்ட்டர் நிலையம் நிபுணர்களையும், வண்டி வாகனங்களையும், பயிற்சியையும் கொடுத்தது. நாட்டுத் தலைவர்களை நேரில் கண்டு அவர்கள் வாக்குறுதியைப் பெற்றது. யூனிசெப் கிணறுகளைக் கவனித்தது. உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளிக்கும் பொறுப்பை வைத்துக் கொண்டது. அமெரிக்க நோய்த் தடுப்பு நிலையம் கணக்குகளையும் புழுக்களையும் சோதித்தது. சைக்ளாப்ஸைக் கொல்லும் அபேட் என்னும் மருந்தை அதைத் தயாரித்த கம்பெனி இலவசமாகத் தந்தது. மிகக் குறைந்த அளவில் குளத்தில் இட்டால் அது குடிநீருக்குத் தீங்கு செய்யாது.

இவர்கள் எல்லோருக்கும் கீழே, அஸ்திவாரக் கல்லைப் போல, கிராமத் தொண்டர் இருந்தார். அவரை ஊராரே தேர்ந்தெடுத்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வேலை செய்யும்படி, படங்களால் அமைந்த பதிவேடுகள் தயாரிக்கப்பட்டன. கானா நாட்டில் நீர் முகந்து வருவது பெண்களின் வேலையாதலால், செஞ்சிலுவைச் சங்கத்தின் மகளிர் தொண்டர்களைப் பழக்கினார்கள். ஆண் தொண்டர் வாசலில் நின்று கேட்டுத் திரும்புவார். பெண் தொண்டரோ அடுக்களைக்குள் சென்று, குடத்தின் வாயில் துணி கட்டியிருக்கிறதா என்று கண்ணால் கண்டு வருவார். கணக்கின் தரம் அங்கேதான் உயர்ந்தது.

துணியின் கதை

நம் நெசவாளர் அன்பர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இது. நீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பது நமக்குப் புதிதன்று. ஆயினும் எந்தத் துணி என்பதில் விஷயம் இருக்கிறது. பருத்தி நூல் பல பஞ்சிழைகளை முறுக்கியது. நனைந்தால் பருத்து, சேற்று நீரில் விரைவில் கண் அடைத்துக் கொள்ளும். நீர் இறங்கத் தாமதமானால் வீட்டுப் பெண்கள் சலித்துத் துணியை எடுத்து எறிந்து விடுவார்கள். நோய் மறுபடியும் நுழையும்.

ஆகவே முறுக்கில்லாத ஒற்றை நைலான் இழையால் நெய்த துணியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் இழை வழவழப்பானது. கண்கள் ஒரே சீரானவை. ஒரு கண்ணின் அகலம் சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. சைக்ளாப்ஸ் அதில் நுழையாது. நீரோ தடையின்றி இறங்கும். அலசினால் அழுக்கு நீங்கும், நெடுநாள் உழைக்கும். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியும் பிரிசிஷன் பேப்ரிக்ஸ் கம்பெனியும் இத்துணியைப் பெருமளவில் இனாமாகத் தந்தன. துணியின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதையும் தொண்டர்கள் கற்பித்தார்கள். பக்கம் மாறினால், முதல் நாள் துணியில் சிக்கிய பூச்சி மறு நாள் குடத்துக்குள் விழுந்து விடும். வயலுக்கும் மேய்ச்சலுக்கும் போகிறவர்களுக்காக, நுனியில் இத்துணி பொருத்திய உறிஞ்சு குழாய்களைக் கழுத்தில் மாட்டிக் கொள்ளும்படி லட்சக்கணக்கில் கொடுத்தார்கள்.

பருத்தித் துணியின் பெருமை வேறொரு நோயில் வெளிப்பட்டது. வங்காள தேசத்தில் மத்லப் என்னும் பகுதியில், டாக்காவின் சர்வதேச வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி நிலையம் 1966-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு வீட்டிலும் பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு ஆகியவற்றைப் பதிந்து வருகிறது. காலராக் கிருமி நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பற்றிக் கொண்டிருப்பது. அவ்வுயிர்களை வடிகட்டினால் காலரா குறையலாம் என்று அமெரிக்க விஞ்ஞானி ரீட்டா கால்வெல் அம்மையாரும் அவருடைய துணைவர்களும் எண்ணினர். பலமுறை துவைத்துப் பழசான சேலையில் இழைகள் தளர்ந்து பரவிக் கண்கள் சிறுத்திருக்கும். அதை நான்காக மடித்து வடிகட்டச் சொன்னார்கள். 65 கிராமங்களில், சுமார் 1,33,000 மக்களிடையே, துணி வழங்கிய ஊர்களையும் வழங்காத ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். 2003-ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, சேலையில் வடிகட்டிய ஊர்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பல்லாண்டுப் பதிவேடு அங்கே இல்லாதிருந்தால் இந்தச் சோதனையை நடத்துவதே கடினமாகியிருக்கும். பழஞ்சேலையின் குணமும் வெறும் நம்பிக்கையாகவே நின்றிருக்கும்.

மாதக் கணக்கு செய்த வேலை

நிற்க. நரம்புச் சிலந்திக்கு வருவோம். தொண்டர் மாத முடிவில் தம் ஏட்டை மேற்பார்வையாளரிடம் காட்டுவார்; அது ஜில்லாவுக்கும், தலைநகருக்கும் போகும். அதில் நோயாளியின் எண்ணிக்கை மட்டும் இல்லை. அந்நோயாளியால் பிறருக்கு நோய் பரவாதபடி காத்தாயிற்றா என்ற கேள்விக்கும் விடை வேண்டும். புழு தலை காட்டி 24 மணி நேரத்துக்குள் கண்டுபிடித்தல், நோயாளி குடிநீர் நிலையில் இறங்காமை, புண்ணைக் கழுவிக் கட்டுதல், மேற்பார்வையாளர் 7 நாட்களுக்குள் நேரில் வந்து உறுதி செய்தல் ஆகியவை முழுதும் நிறைவேறினால்தான் "காக்கப்பட்டது" என்று எழுதலாம். ஒன்று தவறினும் எழுதக் கூடாது. அந்தத் தவறே, அடுத்த ஆண்டு எந்தக் குளத்தில் நோய் எழக்கூடும் என்பதை முன்கூட்டிச் சொல்லி விடும். ஓராண்டு முன்னதாக எச்சரிக்கை கிடைப்பது எத்தகைய நன்மை என்பதைப் பயிரிடுவோர் அறிவார்கள்.

கணக்கு மேலே போனதோடு நிற்கவில்லை. எந்த நாட்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை பேர் காக்கப்பட்டனர் என்ற விவரத்தைச் செய்தித் தாளாக அச்சிட்டு, எல்லா நாடுகளுக்கும் அனுப்பினார்கள். பின்தங்கிய நாடு தன் பெயரைப் பட்டியலில் கண்டு விழித்துக் கொண்டது. நோயைத் தெரிவித்தவருக்கும், மறைக்காமல் சிகிச்சைக்கு வந்த நோயாளிக்கும் பரிசுப் பணம் கொடுத்தார்கள். தன் ஊரில் நோய் உண்டு என்று சொன்னவனைத் தண்டித்தால், மறு மாதம் எல்லா ஊர்களிலும் நோய் இல்லை என்றே எழுதி வரும்.

கணக்கு ஏறும்போதும் அது பயனுடையதே. கானா நாட்டின் வடபகுதியில் சவேலுகு என்னும் ஊரில் குடிநீர் விநியோகம் சீர்குலைந்து, மக்கள் குட்டை நீரை நாட நேர்ந்தது. அதன் விளைவாக 2006-ஆம் ஆண்டு இறுதியில் நோய் திடீரென்று பெருகியது. எண்ணிக்கையை மூடி மறைக்காமையால், துணை வேண்டும் இடம் உடனே தெரிந்தது. வடிகட்டியும், காவலும், குடிநீர் வேலையும் அங்கே விரைந்தன. 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் கடைசி நோயாளியோடு கானாவில் நோய் முடிந்தது.

போரின் நடுவே

சூடான் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. தொண்டர் போக முடியாத ஊரில் கணக்கு இல்லை; கணக்கில்லாத ஊரில் துணியும் இல்லை. 1995-ஆம் ஆண்டில் கார்ட்டர் இரு தரப்பாரையும் கண்டு பேசி, சுகாதார வேலைக்காகவே போர் நிறுத்தம் ஒன்றை ஏற்படுத்தினார். "நரம்புச் சிலந்திப் போர் நிறுத்தம்" என்றே அது பெயர் பெற்று, ஏறக்குறைய ஆறு மாதம் நிலவியது. அந்த இடைவெளியில் ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு வடிகட்டிகள் சென்றன. குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் போட்டார்கள். சமாதானம் நிலைத்த பின்னர், பிற்காலத்தில் தென் சூடான் என்று தனி நாடான பகுதியில், 2006-ஆம் ஆண்டில் 20,500-க்கு மேற்பட்ட நோயாளிகள் காணப்பட்டனர். 2018-ஆம் ஆண்டில் ஒருவர் கூட இல்லை. அதன் பின் அங்கே மீண்டும் சிலர் அகப்பட்டனர். எனினும் விரலால் எண்ணத்தக்க அளவே.

மௌனமும் சூனியமும்

சாட் என்னும் நாட்டின் அனுபவம் நம்மை எச்சரிக்கிறது. அங்கே 2000-ஆம் ஆண்டுக்குப் பின் பத்து ஆண்டுகள் நோயாளி யாரும் தெரிவிக்கப்படவில்லை. நோய் போய் விட்டது என்றே எண்ணினர். சான்றளிக்கும் முன் 2010-ஆம் ஆண்டில் ஊன்றித் தேடியபோது நோயாளிகள் அகப்பட்டனர். தேடாமையால் வந்த மௌனத்தைச் சூனியம் என்று கொண்டு விட்டார்கள்.

பின்னர் வேறொரு வியப்பு வெளிப்பட்டது. 2012-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு நாய்களிடம் இப்புழு காணப்பட்டது. 2016-ஆம் ஆண்டில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நாய்கள். ஆற்றோர மக்கள் மீனைச் சுத்தம் செய்து எறியும் குடலை நாய்கள் தின்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதினர். எனவே குடலைப் புதைக்கவும், மீனை நன்கு வேகவைக்கவும், புழுக் கண்ட நாயைக் கட்டி வைக்கவும் மக்களுக்குக் கற்பித்தனர். நாயைக் கட்டி வைத்துத் தெரிவிப்பவருக்குப் பரிசு கொடுத்தனர். 2024-ஆம் ஆண்டில் எல்லா நாடுகளிலுமாக 600-க்கு மேற்பட்ட பிராணிகளிடம் புழு காணப்பட்டது. மனிதரில் 15 பேர். அவருள் 9 பேர் சாட் நாட்டவர், 6 பேர் தென் சூடானத்தவர். 2030-ஆம் ஆண்டுக்குள் முற்றிலும் ஒழிப்பது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் இலக்கு. அது நிறைவேறினால், பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்த இரண்டாவது மனித நோய் இதுவாகும். ஜிம்மி கார்ட்டர் 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி தமது நூறாவது வயதில் காலமானார். அவர் தொடங்கி வைத்த வேலையின் கடைசிப் பகுதி, அவ்வூர்த் தொண்டர்களின் ஏட்டில் இன்னும் எஞ்சி நிற்கிறது.

நாம் கொள்ள வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, "நோய் இல்லை" என்பதும் "நோயைப் பற்றித் தெரியவில்லை" என்பதும் வேறு வேறு. சங்கத்தின் கணக்கில் ஒரு பக்கம் எழுதாமல் விடப்பட்டிருந்தால், அம்மாதம் வரவு செலவு இல்லை என்று தணிக்கையாளர் ஏற்பாரா? தேடிக் காணாத சூனியத்தையே நம்பலாம்.

இரண்டாவது, ஊரார் தந்த கணக்கு, துணியாகவோ கிணறாகவோ பதிலாகவோ ஊராரிடம் திரும்பி வர வேண்டும். போன கணக்கு திரும்பாவிட்டால், அடுத்த முறை கேட்க வருபவருக்கு உண்மையான விடை கிடைக்காது.

மூன்றாவது, கூட்டு முயற்சியில் ஒருவர் பங்கை மற்றவர் பறிக்கலாகாது. தர்ம ஸ்தாபனம் எத்துணைச் செல்வம் படைத்ததாயினும் சர்க்காரின் இடத்தில் உட்கார முடியாது; சர்க்கார் எத்துணை வல்லதாயினும் ஊர்த் தொண்டரின் கண் அதற்குக் கிடையாது; கம்பெனி தரும் துணி, பக்கம் மாறாமல் குடத்தில் கட்டும் கை இல்லையேல் வெறும் துணியே.

நம் ஊர்களில் நரம்புச் சிலந்தி இல்லை. ஆயினும் விஷ ஜுரங்களும், நீரால் வரும் வயிற்று நோய்களும் இன்றும் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியர் ஏட்டோடு வாசலுக்கு வரும்போது, வேலைத் தொந்தரவாக எண்ணாமல் உள்ளதை உள்ளபடி சொல்லுவது நம் கடமை. பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் பதிந்து விடுவதும் அத்தகைய கடமையே. கூலி வழங்கும் நாளில் சங்கத்து அங்கத்தினர் அனைவரும் ஓரிடத்தில் கூடுகின்றனர். ஒரே தெருவில் நாலைந்து தறிகள் ஜுரத்தால் நின்றிருப்பது அன்றைக்குக் காரியதரிசியின் கண்ணில் முதலில் படும். அச்செய்தியை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்க ஒரு தாளும் ஓர் ஆளும் போதும். சங்கத்துக்கு அதனால் செலவில்லை. தெருவுக்கோ அது பெருங் காப்பாகும்.